ஒஸ்மார் படிக்காத மஞ்சள் வரி

ஒஸ்மார் எங்கள் கூட்டத்துக்கு வந்த முதல் சனிக்கிழமையே இவன் வேறு ரகம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மற்ற ஆண்கள் பழைய சபியா கணினியைக் கண்டால் பேரனைத் தூக்கியதுபோல் இளிப்பார்கள். இவன் அதன் மூடியைக் கழற்றி, பிணத்தைப் புரட்டும் போலீஸ்காரன்போல் உள்ளே பார்த்தான். அன்றே எங்கள் கூட்டத்து வாண்டர்லெய் அவனுக்குச் சாவுமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டான். ஒஸ்மார் கோபித்துக்கொள்ளவில்லை, பதிலுக்குச் சிரிக்கவும் இல்லை.

எங்கள் ஊர் ஒசாஸ்குவில் இரும்புத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் பின்னால் ஒரு கூடம் இருக்கிறது. அங்கேதான் கூடுவோம். நான் ஒருத்திதான் பெண். ஆயுசு முழுக்க டிவி ரிப்பேர் செய்தவள் என்பதால் சாலிடரிங் எல்லாம் என் தலையில். எங்கள் பைத்தியம் ஒன்றே ஒன்று: செத்துப்போன சபியாவுக்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கணினி உள்ளே வரக்கூடாது என்று அரசாங்கம் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் எங்கள் நாட்டிலேயே செய்து விற்ற கணினி அது. டிவியில் மாட்டி, கேசட்டில் விளையாட்டு ஏற்றி ஆடலாம். விற்ற கம்பெனி எப்போதோ மூழ்கிவிட்டது. சபியாவின் நடுவில் இருந்த சிப் அந்தக் கம்பெனியே செய்தது, வேறு எங்கும் கிடைக்காது. முதல் வருடத்துச் சபியாக்களில் ஓடுகிற நிலையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏன் மிஞ்சவில்லை என்று எங்களில் ஒரு ஜென்மமும் கேட்டுக்கொள்ளவில்லை.

செத்த சிப் ஒன்றை அமிலத்தில் கரைத்து, உள்ளே இருந்ததை மைக்ரோஸ்கோப்பில் படம் பிடித்தோம். அதைக் கோடு கோடாகப் படித்து, அதே அமைப்பை இப்போது கிடைக்கிற வெற்றுச் சிப்பில் எழுதினோம். இந்த வெற்றுச் சிப்புக்கு என்று சொந்த வேலை கிடையாது. நாம் எழுதிக் கொடுக்கிற அமைப்பாகவே அது மாறிவிடும். எங்களுக்கு ஒரே சட்டம்தான்: எதையும் திருத்தக் கூடாது. பழைய சபியாவின் திரையில் ஓரம் ஆடியது என்றால் புதியதிலும் ஆட வேண்டும். அந்த ஆட்டத்தை வாண்டர்லெய் ஒருமுறை சரிசெய்துவிட்டு, கூடம் முழுக்கத் திட்டு வாங்கினான்.

இந்தச் சட்டத்தில் எங்கள் எல்லாரையும்விடப் பிடிவாதக்காரன் ஒஸ்மார். லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து கிரீஸ் கையோடு வருவான். சிப்பின் படத்தில் கேசட் படிக்கும் பகுதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான், வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒரு சனிக்கிழமை, மற்றவர்கள் கறுப்புப் பயறும் பன்றிக்கறியும் போட்ட ஃபெய்ஜோவாடா சாப்பிடப் போனபிறகு, காரணத்தைக் கேட்டேன். காபியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, லிஃப்டில் அறுந்த கயிற்றைப் பற்றிப் பேசுகிறவன்போலச் சொன்னான்.

அவனுக்கு மீசை அரும்புகிற வயது. சபியாவில் கேசட்டை ஓடவிட்டு, விளையாட்டு ஏறி முடிய நேரமாகும் என்று தெருவுக்குப் பந்தாடப் போயிருக்கிறான். அதே அறையில் தங்கை ஜுசாரா தூங்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திராத குழந்தை. தெருவில் யாரோ புகை என்று கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறான். கணினியிலிருந்துதான் தீ. பையன் அணைக்காமல் போனதுதான் காரணம், மெஷினில் குறையில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அப்பா அதை நம்பினார். சாகும்வரை மகனோடு பேசவில்லை. அம்மா டோனா ஜிலா மட்டும் ஒரே பேச்சாக நின்றாள், மெஷின்தான் கொன்றது என்று.

"மெஷினா, நானான்னு எனக்குத் தெரியணும், டோனா லிண்டால்வா. அவ்ளோதான். விளையாட வரல நான்."

வயதில் மூத்தவள் என்று என்னை டோனா போட்டுத்தான் கூப்பிடுவான். அதன்பிறகு நான் அவனைச் சாவுமூஞ்சி என்று கூப்பிட்டதில்லை.

டோனா ஜிலாவை நான் பார்த்தது அவள் பிறந்தநாளன்று. எங்கள் வீடுகளில் கைப்பின்னல் துணி போடாத பொருள் இருக்காது, ஆனால் அந்த அம்மாவைப்போல் போட்டவரை நான் கண்டதில்லை. டிவிக்கு, ஃபிரிட்ஜுக்கு, மிக்ஸிக்கு, கேஸ் சிலிண்டருக்குக்கூட நீல விளிம்பு வைத்த வெள்ளைத் துணி. சிலிண்டர் கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல் நின்றது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெஷினைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள். சீக்கிரம் தெரியும் என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டு மிக்ஸிமேல் இருந்த துணியை இழுத்து நேராக்கினாள். பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கேசட் பகுதி முடிந்த அன்று கூடத்தில் எல்லாரும் கைதட்டினோம். ஒஸ்மார் அந்தப் பழைய விளையாட்டின் கேசட்டையே தேடி வாங்கி வந்திருந்தான். அதை ஏற்றினான், நிறுத்தினான், பாதியில் விட்டுப் பார்த்தான், நாள் முழுக்க ஓடவிட்டான். அடிக்கொருதரம் சிப்மேல் விரலை வைத்துப் பார்த்தான். சாயங்காலம் விரலை எடுத்து என்னிடம் காட்டினான்.

"சில்லுனு இருக்கு," என்றான்.

வடிவம் துல்லியம், எதையும் திருத்தவில்லை, ஆகவே மெஷினில் குறையில்லை. அவன் கணக்கு அப்படி. எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. வாண்டர்லெய் பீர் வாங்கி வந்தபோது ஒஸ்மார் போய்விட்டிருந்தான். நேராக அம்மாவிடம் போய், மெஷினில் தப்பில்லை, கம்பெனி சொன்னதுதான் நிஜம் என்று சொல்லியிருக்கிறான். பிறகு கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

மழைக்காலம் முடிவதற்குள் டோனா ஜிலா போய்விட்டாள். துக்கத்துக்குப் போனேன். வீட்டில் ஏதோ குறைகிறதே என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். டிவி அம்மணமாக நின்றது. ஃபிரிட்ஜும் சிலிண்டரும் அப்படியே. ஒரு பின்னல் துணிகூட இல்லை. யாரோ சொந்தக்காரி எடுத்துப்போயிருப்பாள் என்று எண்ணினேன்.

அதற்கடுத்த வருடம் எங்கள் வெற்றுச் சிப்புக்கான மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. நாம் எழுதும் அமைப்பைச் சிப்புக்குப் புரிகிறபடி மாற்றித் தருவது அதுதான். மாற்றும்போது எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும். சிவப்பு வரி என்றால் வேலை நிற்கும். மஞ்சள் வரி என்றால் எச்சரிக்கை மட்டும். மஞ்சள் ஆயிரக்கணக்கில் கொட்டும். எங்களில் ஒருவரும் படிப்பதில்லை, படிக்கிறவனைக் கிண்டல் செய்வோம். ஒஸ்மாரின் கேசட் பகுதியைப் புதுப் பதிப்பில் போட்டேன். நின்றுவிட்டது. முன்பு மஞ்சளாக விட்டதை இது சிவப்பாக்கிவிட்டிருந்தது.

படித்தேன். ஒரே கம்பியை இரண்டு பேர் இழுக்கிறார்கள் என்று இருந்தது. பழைய சிப்பின் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். உண்மைதான். கேசட் முடிந்து மெஷின் சும்மா காத்திருக்கும்போது, ஒரே கம்பியை ஒரு பக்கம் மேலே இழுக்கிறது, மறுபக்கம் கீழே இழுக்கிறது. இரண்டும் விட்டுக்கொடுக்காது. நடுவில் மின்சாரம் தடையில்லாமல் பாயும், சூடு ஏறிக்கொண்டே போகும். எங்கள் புதுச் சிப்புக்குள் அப்படி ஒரு சண்டைக்கே இடம் கிடையாது. மென்பொருளின் பழைய பதிப்பு சத்தமில்லாமல் ஒருவன் பேச்சைக் கேட்டு இன்னொருவனைத் தூக்கி எறிந்திருக்கிறது. அதை மஞ்சளில் ஒரு வரி சொல்லியும் இருக்கிறது. எதையும் திருத்தாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த எங்களுக்காக அதுவே திருத்திக் கொடுத்துவிட்டது.

அந்த இரண்டு பக்கத்தையும் பழைய சாதா சிப்புகளை வைத்து மேஜைமேல் கட்டி, படத்தில் இருந்தபடியே இணைத்து, கரண்ட் கொடுத்தேன். முதலில் வாடை வந்தது. தொட்டுப் பார்த்தேன், விரல் கொப்பளித்துவிட்டது. நான் கையை உதறுவதற்குள் புகைந்து கருகியது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அந்தக் கம்பெனிக்காரன் எவனாவது உயிரோடு இருந்தால் அவன் கையை அதன்மேல் வைத்து அழுத்தியிருப்பேன்.

மறுநாளே ஒஸ்மார் வீட்டுக்குப் போனேன். நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்று நினைத்துத்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமை, அவன் சமையலறையில் காபி வடிகட்டிக்கொண்டிருந்தான். கருகிய சிப்பை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின்தான், நீ இல்லை என்றேன். அவன் உட்கார்ந்து அதை விரலால் புரட்டினான்.

"இதுமேல துணி எதுவும் போட்டீங்களா?" என்று கேட்டான்.

எனக்குப் புரியவில்லை. துணி எதற்கு, வெறும் மேஜைமேல்தான் வைத்தேன் என்றேன்.

"துணியே இல்லாம எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது, ஒஸ்மார். என் கையைப் பாரு."

அவன் என் விரலைப் பிடித்துக் கொப்புளத்தைப் பார்த்தான். பிறகுதான் சொன்னான். மெஷினில் தப்பில்லை என்று அவன் சொன்னதைக் கேட்டதும் அம்மா எழுந்து படுக்கப் போய்விட்டாள். மறுநாள் காலையில் வீட்டிலிருந்த பின்னல் துணி எல்லாவற்றையும் உருவிக் குப்பை வண்டியில் போட்டிருக்கிறாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் வாயைத் திறந்தாள். அன்று அவன் பந்தாடப் போனபின் அந்த அறைக்குள் அவள் போயிருக்கிறாள். மெஷின் ஓடுவது தெரியாமல், தூசி படுகிறதே என்று துணியை இழுத்து மூடிவிட்டு, ஜுசாராவுக்குப் போர்வை போர்த்திவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"என்னயக் காப்பாத்தத்தான் அம்மா மெஷின் மெஷின்னு சொல்றாங்கன்னு நெனச்சேன். அவங்களும் அந்த ஒண்ணப் புடிச்சுக்கிட்டுதான் உயிரோட இருந்திருக்காங்க, டோனா லிண்டால்வா. நான் போய் அதப் புடுங்கிட்டேன்."

அது உன் தப்பில்லை, மென்பொருளின் தப்பு என்று ஆரம்பித்தேன். அவன் இல்லை என்று தலையாட்டினான். அந்த மஞ்சள் வரியை அன்று பார்த்ததாகவும், எல்லாரையும்போலத் தள்ளிவிட்டதாகவும் சொன்னான். பிறகு எழுந்துபோய்ப் பழக்கதோஷத்தில் அம்மாவுக்கும் சேர்த்து மூன்று கோப்பைகளில் காபி ஊற்றினான். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.