மல்லிகாவின் நிறத்தை எடுத்தேன்!

போன வாரம் அப்பாவின் மணிவிழாப் படங்கள் சி.டி.யில் வந்து சேர்ந்தன. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்...

எனக்கும் என் தங்கை மல்லிகாவுக்கும் அம்மா ஒரே மாதிரி கிளிப்பச்சைப் பட்டு எடுத்துத் தந்திருந்தார். அவள் உடம்பில் அது மின்னியது. என் உடம்பில்? கொடியில் காயப்போட்ட மாதிரி இருந்தது.

அவள் சிவப்பு, நான் கறுப்பு. சின்ன வயதில் அல்லிநகரம் வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள்! நாற்பதைத் தாண்டியும் அந்த எரிச்சல் அடங்கவில்லை என்றால் நம்புவீர்களா?

தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போட்டோ எடிட்டிங் கற்றுக்கொண்டிருக்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படத்தைத் திறந்தேன். ஒரே க்ளிக் — கலர் போயே போச்சு! அவள் வெளிர் சாம்பல், நான் கொஞ்சம் அடர் சாம்பல். வித்தியாசம் அவ்வளவுதான். ஆஹா, என்ன நிம்மதி!

ஆனால் உற்றுப் பார்த்தால்... அப்போதும் அவள்தான் அழகு. நிறத்தை எடுத்துவிட்டேன், அந்தச் சிரிப்பை எடுக்க சாஃப்ட்வேரில் பட்டன் இல்லையே!

அந்த நேரம் பார்த்து, கம்பம் ஊரிலுள்ள புகுந்த வீட்டிலிருந்து மல்லிகாவே வந்து நின்றாள். கையில் ஒரு பை திராட்சை. திரையைப் பார்த்தாள். சண்டைக்கு வரப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, இத மட்டும் பிரிண்டு போடு. கலர்ப் படத்த யாருக்கும் காட்டாத."

"ஏண்டி?"

"கலர்ல வச்சுப் பெருசாக்கிப் பாரு, தெரியும்."

பெரிதாக்கினேன். பவுடருக்கு அடியில் இரண்டு கன்னத்திலும் மங்கு, பழுப்பாகப் படர்ந்திருந்தது. விழாவில் நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தை நேராகப் பார்ப்பதை நான் என்றைக்கோ விட்டிருந்தேன்.

"செவத்த புள்ளன்னுதான கட்டுனோம், இப்பிடி மங்கிருச்சேன்னு எங்க மாமியா சொல்றாக" என்றாள். "நீ படிச்ச, வேலைக்குப் போற, பத்திரிகைல எழுதுற. நீ எழுதுனத எங்க வீட்டுக்காரரு சத்தமா வாசிப்பாக. எனக்குப் பத்திக்கிட்டு வரும், தெரியுமா? எங்கிட்ட இருந்தது இந்த நெறம் ஒண்ணுதான்க்கா. அதுவும் போச்சுன்னா?"

என் எழுத்தைப் பார்த்து இவளுக்குப் பொறாமையா! சொன்னால் வெட்கம் — ஒரு நொடி எனக்கு இனித்தது. மறுநொடி அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பைக் கூட்டினால் தோலில் உள்ள கறை மறையும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். மங்கு மறைந்தது. கூடவே என் முகமும் வெளுத்தது.

"இன்னும் ஏத்தவாடி?"

"போதும்க்கா. இதுக்கு மேல போனா நான் நானா இருக்க மாட்டேன்."

பிறகு இருவரும் திராட்சையைக் கழுவி வைத்துக்கொண்டு, யாருக்கு யார் மேல் அதிகப் பொறாமை என்று வாதாடினோம். அதிலும் அவளே ஜெயித்தாள்!

பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியாயிற்று. நேற்று பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"ஒங்க தங்கச்சி என்ன அழகா இருக்காக!"

"ஆமாம்" என்றேன். நிஜமான சந்தோஷத்தோடுதான் சொன்னேன்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். "பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று கேட்டிருக்க வேண்டாம்!