அக்காவின் ஓடிபி

என் அக்காவுக்குச் சம்பளம் தருவதே சந்தேகப்படுவதற்குத்தான். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை அவளே ஒரு பொய் மின்னஞ்சல் தயாரித்து அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்புவாள். "உங்கள் விடுமுறை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, காரணம் அறிய இங்கே அழுத்தவும்" என்று இருக்கும். அழுத்தியவர்கள் மறுநாள் காலை அவள் எடுக்கும் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அவளுடைய மேலதிகாரியே மூன்று முறை உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது முறை யாரும் கூப்பிடாமல் அவராகவே வந்து முன்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டாராம்.

இப்படிப்பட்டவள் வீட்டில் மட்டும் சும்மா இருப்பாளா? மூன்றாவது மாடியில் ஒரு கூடமும் இரண்டு அறைகளும் உள்ள வீடு. அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர். அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது. வாசல் கதவுக்குச் சாவி கிடையாது, எண் அழுத்த வேண்டும். அந்த எண்ணும் மாதா மாதம் மாறும். கூடத்து விளக்கு அக்காவின் குரலுக்குத்தான் எரியும், அம்மா சொன்னால் காதிலேயே வாங்காது. அதனால் அம்மா அக்காவைப் போலவே மூக்கால் பேசி அதை ஏமாற்றக் கற்றுக்கொண்டாள். தரை துடைக்கத் தானாக ஓடும் இயந்திரம் ஒன்று உண்டு. அது தினமும் சோபாவுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு அலறும். அலுவலகத்தில் இருக்கும் அக்காவின் போனுக்குச் செய்தி போகும். அவள் எனக்குப் போன் செய்வாள். நான் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்து அதை வெளியே இழுத்து விடுவேன். இதற்குப் பெயர் தானியங்கி.

ஒரு முறை அக்கா தன் போனைப் பேருந்தில் விட்டுவிட்டாள். கணக்கைத் திறக்கும் ஆறு இலக்க ஓடிபி எல்லாம் அந்தப் போனுக்கே போனதால் இரண்டு நாள் எந்தக் கணக்குக்குள்ளும் நுழைய முடியாமல் தவித்தாள். அதற்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தாள். இனி அவளுடைய ஓடிபி எல்லாம் அம்மாவின் போனுக்குத்தான் வரும். அம்மாவுடையது பழைய பட்டன் போன். அதில் இணையம் கிடையாது, எவனாலும் உள்ளே புக முடியாது. அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. ஓய்வு பெறும்வரை தபால் நிலையத்தில் பார்சல் கவுன்ட்டரில் இருந்தவள். அடையாள அட்டை கொண்டுவரவில்லை என்று போஸ்ட் மாஸ்டரின் மனைவியையே திருப்பி அனுப்பியவள். அவளிடம் அக்கா ஒரே ஒரு சட்டம் சொல்லி வைத்தாள். "யார் கேட்டாலும் சொல்லாதே. நானே கேட்டாலும், நான்தானான்னு உறுதி பண்ணிக்காம சொல்லாதே."

அக்கா முப்பத்து நான்கு வயதில் ஒரு டேட்டிங் செயலியில் சேர்ந்தபோது அதன் முதல் ஓடிபியும் அம்மாவிடம்தான் வந்தது. செயலியின் பெயரைப் பார்த்து, "இது என்ன புது பேங்க்கா?" என்று கேட்டாள் அம்மா.

"பேங்க் இல்லம்மா. பிடிச்ச ஆளாத் தேடிப் பேசறதுக்கு ஒரு ஆப்."

"அதுக்கும் ஓடிபியா? நல்லதுதான். கண்டவனும் உள்ள வரக் கூடாதுல்ல."

கண்டவனும் உள்ளேதான் இருந்தான். முதலில் பேசியவரின் சிரிப்பு மிக அழகு. அது ஒரு பற்பசை விளம்பரத்துக்காக வேறு யாரோ சிரித்த சிரிப்பு என்று அக்கா நான்கு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். அடுத்தவர் மலை உச்சியில் நின்றிருந்தார். மலையின் நிழல் ஒரு பக்கம், அவர் நிழல் இன்னொரு பக்கம். மூன்றாவது ஆள் உண்மையான ஆள், நேரிலும் வந்தார். வந்த பத்தாவது நிமிடத்தில், "இது ஏன் சூடாகுதுன்னு கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று தன் போனை நீட்டினார். சரி செய்து கொடுத்தாள். அடுத்த சந்திப்புக்கு மடிக்கணினி கொண்டுவந்தார். அதற்கடுத்த சந்திப்புக்கு அவருடைய அம்மாவின் பிரின்டரோடு வந்து இறங்கினார். அக்கா அதையும் சரி செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவரை நீக்கினாள். பிரின்டர் இன்றுவரை நன்றாக ஓடுகிறது என்று கேள்வி.

பிறகு வந்தவருக்கு நான் வைத்த பெயர் நாற்காலிக்காரர். பல் மருத்துவர்களிடம் ஏறி இறங்கிச் சாயும் நாற்காலி இருக்குமே, அதைப் பழுது பார்ப்பவர். அவர் போட்டிருந்த ஐந்து படங்களில் நான்கில் நாற்காலிதான் இருந்தது. ஐந்தாவதில் நாற்காலிக்குப் பின்னால் பாதி முகமும் ஒரு கையும். அக்கா இணையத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாள். ஸ்க்ரூ முடுக்கும் திருகுளியைப் பிடித்திருந்ததை வைத்து இடது கைக்காரர் என்றாள், மேசையிலிருந்த கோப்பையை வைத்துச் சர்க்கரை போடாத டீ குடிப்பவர் என்றாள். அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. "இந்த ஆளுக்கு இன்டர்நெட்ல ஒரு தடயமும் இல்லடி. யாரையும் இப்படி நான் பார்த்ததே இல்ல" என்று புலம்பினாள்.

ஆனால் அவர் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு கேள்வி அனுப்புவார். "இன்னைக்கு உங்ககிட்ட யார் மாட்டினாங்க?" அக்கா உட்கார்ந்து அன்றைய கதையை விலாவாரியாக எழுதுவாள். அவள் வேலையைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. தங்கள் வேலையைச் செய்து தரச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் இப்படிப் போயிற்று. போனைப் பார்த்துத் தானாகச் சிரிக்க ஆரம்பித்தாள். நேரில் பார்க்கும்வரை போன் நம்பர் தருவதில்லை என்ற தன் சட்டத்தை மட்டும் விடவில்லை. சந்திக்கலாமா என்று இரண்டு முறை அவர் கேட்டும், இன்னும் விசாரணை முடியவில்லை என்று தள்ளிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் எழுதினார். நிறுவனம் அவரை ஒரு வருடம் வெளியூர்க் கிளைக்கு மாற்றியிருக்கிறது, ஞாயிறு காலை கிளம்புகிறார். சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஒரே ஒரு முறை பார்க்கலாமா, இடத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்று கேட்டிருந்தார். அக்கா சரி என்று போட்டாள். போட்டுவிட்டு இரவெல்லாம் அலமாரியில் இருந்த துணியை எல்லாம் கட்டிலில் கொட்டி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்குச் செயலியைத் திறந்தால், உள்ளே விடவில்லை. முப்பது நாளுக்கு ஒரு முறை எல்லாக் கணக்குகளும் தானாக வெளியேறிவிட வேண்டும் என்று அவளே செய்து வைத்த ஏற்பாடு. அன்றைக்கு முப்பதாவது நாள். "உங்களுக்கு ஒரு புதிய செய்தி வந்துள்ளது" என்று மின்னஞ்சல் மட்டும் சொன்னது. எந்த இடம் என்பது செயலிக்குள் இருந்தது. அவர் நம்பர் இவளிடம் இல்லை, இவள் நம்பர் அவரிடம் இல்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

ஓடிபி கேட்கலாம். ஆனால் அம்மா அவளோடு பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அந்தக் கதை இது. அலுவலகத்தில் எல்லோரையும் சோதித்து அலுத்துப்போய், அக்கா அம்மாவையும் சோதித்தாள். அம்மாவின் போனுக்கு ஒரு ஓடிபியை வரவழைத்து, கூடவே வேறொரு எண்ணிலிருந்து தன் பெயரில் ஒரு பொய்ச் செய்தி. அம்மா உடனே அந்த எண்ணுக்குப் போன் போட்டு ஆறு இலக்கத்தையும் சொல்லிவிட்டாள். அக்காவோடு வேலை செய்பவர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனை வைத்துவிட்டார். அன்று சாப்பிட வந்திருந்த சித்தியின் முன்னால் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "பதினோரு செகண்டு, சித்தி. எங்க ஆபீஸ்ல கூட இவ்வளவு வேகமா யாரும் ஏமாந்ததில்ல." அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனவள்தான். அதற்குப் பிறகு எல்லாம் என் வழியாகத்தான். உன் அக்காவின் துணி மடித்து வைத்திருக்கிறது, உன் அக்காவைச் சாப்பிடச் சொல். கூடத்து விளக்கிடம் அக்கா குரலில் பேசுவதையும் நிறுத்திவிட்டு, ஒரு டார்ச் வாங்கி வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அக்கா ஓடிபி கேட்டு அழுத்தியபோது கூடத்தில் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மேசை மேல் இருந்த பட்டன் போன் கீச்சென்றது. அக்கா போய் எதிரில் நின்றாள்.

"அம்மா, ஒரு ஓடிபி வந்திருக்கும்."

அம்மா என்னைப் பார்த்தாள். "யார் பேசறது?"

"அக்காதாம்மா."

"அதை எப்படி நம்பறது? உறுதி பண்ணிக்காம சொல்லக் கூடாதுன்னு யாரோ எனக்குப் பாடம் எடுத்தாங்க."

"அம்மா, எதிர்லதானே நிக்கறேன்."

"கவுன்ட்டர் எதிர்லயும் ஆளுங்க நிக்கத்தான் செய்வாங்க. நிக்கறவங்களுக்கெல்லாம் பார்சலைத் தூக்கிக் குடுத்துடுவேனா?" அம்மா ஒரு சட்டையைப் புரட்டிப் போட்டாள். "ஆறு நம்பர் இருக்கு. நம்பருக்கு ஒரு கேள்வி. என் மகளா இருந்தா பதில் தெரியும். நான் எத்தனை வருஷம் கவுன்ட்டர்ல உட்கார்ந்தேன்?"

"முப்பத்தொண்ணு," என்றாள் அக்கா சட்டென்று.

"சரி. முதல் நம்பர் ஏழு. அடுத்தது. எனக்கு எந்தக் கண்ணுல ஆபரேஷன் ஆச்சு?"

"வலது."

"இடது. நீதான் கூட்டிட்டுப் போனே. உட்கார்ந்து போனைத் தட்டிக்கிட்டிருந்தே."

நானும் வலது என்றுதான் நினைத்திருந்தேன். நல்லவேளை, எனக்கு எந்த ஓடிபியும் தேவைப்படவில்லை.

"காலையில நான் என்ன குடிக்கறேன்?"

"காபி."

"வெந்நீர். டாக்டர் காபியை நிறுத்தச் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு."

முன்பின் பார்க்காத ஒருவர் சர்க்கரை போடாத டீ குடிக்கிறார் என்பதைக் கோப்பையை வைத்தே கண்டுபிடித்தவள் இவள். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே வெட்கமாகவும் இருந்தது.

"என்னோட வாக்கிங் வர்றவ மூணு மாசத்துக்கு முன்னாடி மகன் வீட்டோட போயிட்டா. அதுலேர்ந்து நான் யாரோட போறேன்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சோபாவைப் பார்த்தேன். அம்மா தனியாகப் போகிறாள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

அக்காவின் போன் திரையில் ஓடிபிக்கான நேரம் முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு முறைதான் முயலலாம், அதற்குப் பிறகு நாளைக்குத்தான் என்று எழுதியிருந்தது. மணி நாலு இருபது. அக்கா மறுபடி அழுத்தினாள், அம்மாவின் போன் மறுபடி கீச்சென்றது. இந்தத் தடவை அக்கா நிற்கவில்லை. இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. நாளைக்குக் கிளம்பிடுவாரு. எங்க வரணும்னு அதுக்குள்ளதான் எழுதியிருக்காரு. நான் போகலன்னா, வேண்டாம்னு சொல்லிட்டேன்னு நினைச்சுக்குவாரு."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஒரே ஒரு கேள்வி. நான் ஏன் ஒன்பது நாளாப் பேசல?"

"சித்தி முன்னாடி கிண்டல் பண்ணினேன்."

"அதுக்கு ஒரு நாள் பேசாம இருந்திருப்பேன்."

"உன்னை ஏமாத்தினேன்."

"அதுக்கு ரெண்டு நாள். அந்த மெசேஜ்ல என்ன எழுதியிருந்தே? சொல்லு, இவளும் கேக்கட்டும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "அம்மா, என் போன் தொலைஞ்சு போச்சு. ரோட்டில தனியா நிக்கறேன். இது வேற ஒருத்தர் நம்பர். ஓடிபியை இதுக்கு உடனே சொல்லு."

"ரோட்டில தனியா நிக்கறேன்னு நீ எழுதியிருக்கே. பன்னெண்டாவது செகண்டு வரைக்கும் உட்கார்ந்து நான் என்னத்தை யோசிக்கணும்?"

அம்மா சட்டையை எடுத்து மடித்து வைத்தாள்.

"உங்க ஆளு நம்பரை வாங்கிக்கிட்டு வச்சுட்டான். என் மக எந்த ரோட்டில நிக்கறான்னு கேக்கறதுக்குத் திரும்பத் திரும்ப அடிச்சேன், யாரும் எடுக்கல. உன் நம்பருக்கு அடிச்சேன், நீயும் எடுக்கல. செருப்பைப் போட்டுக்கிட்டு முக்கால் மணி நேரம் வாசல்ல நின்னேன், எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம. நீ சிரிச்சுக்கிட்டே படி ஏறி வந்தே."

இரண்டாவது ஓடிபியின் நேரமும் போய்க்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வகுப்பு எடுக்கிறவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் மணி நாலு முப்பத்தைந்து. வேறு வழியில்லாமல் அவள் போனை எடுத்து மூன்றாவது முறை நானே அழுத்தினேன்.

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கேள்வி எதுவும் கேட்காமல் ஆறு இலக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தாள். அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"காதில விழலம்மா. திரும்பச் சொல்லு."

கவுன்ட்டரில் வயதானவர்களுக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி அம்மா மறுபடி சொன்னாள். செயலி திறந்தது. "நூலகத்துக்கு எதிர்ல இருக்கற டீக்கடை. நான் சீக்கிரமே வந்துடுவேன். அடையாளத்துக்குக் கையில ஒரு திருகுளி வச்சிருப்பேன்" என்று இருந்தது. இரவெல்லாம் தேடி எடுத்து வைத்த உடையை அக்கா மறந்துவிட்டாள். வீங்கிய கண்ணும் வீட்டு உடையுமாகப் படியிறங்கி ஓடினாள். அம்மா இஸ்திரியை எடுக்காமல் பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

ஐந்து மணி அடித்து மூன்று நிமிடத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"வந்து சேர்ந்துட்டேன்மா. அவரும் இருக்காரு. நிஜமாவே திருகுளியோடதான் உட்கார்ந்திருக்காரு." மூச்சு வாங்கியது அக்காவுக்கு. "இனிமே எதுவா இருந்தாலும் நான் இப்படிக் குரல்லதான் சொல்லுவேன். என் பேர்ல மெசேஜ் வந்தா நம்பாதே, சரியா?"

"வந்தா நம்பத்தான் செய்வேன்," என்றாள் அம்மா. "நீ பொய்யா அனுப்பாம இரு, போதும்."