பாக்கியம் அக்கா போட்ட கணக்கு

பாக்கியம் அக்கா போயிட்டாங்க. இன்னிக்குக் காலையில, மலாக்கா காஜா பெராங் வீட்டுல.

வாட்ஸ்அப்ல வந்த நோட்டீஸ்ல "ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட்"னு போட்டிருக்கு. இந்த எண்பத்தெட்டு வயசுலயும் அதைப் படிச்சிட்டு என்னால சும்மா இருக்க முடியல.

டைப்பிஸ்டா? எவன் சொன்னான்?

மலேயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கெடச்ச புதுசு. கோலாலம்பூர்ல யூனிவர்சிட்டி லேப். வெள்ளைக்கார டாக்டர் ஒருத்தர், பேட்டரித் தகட்டுல படியுற உப்பைப் பத்தி ஆராய்ச்சி பண்ணாரு. அக்காவும் நானும் அவருக்குக் கீழ வேலை.

அந்த உப்புக்குள்ள ஒவ்வொரு அணுவும் மத்ததை எவ்வளவு இழுக்குது, தள்ளுதுன்னு கூட்டிக்கிட்டே போவணும். கம்ப்யூட்டர் ஏது அப்போ? கையால சுத்துற கணக்கு மெஷின்தான். சுத்துனது அக்கா. நான் கட்டம் போட்டு விடையை எழுதுனேன், அவ்ளோதான் லா.

டாக்டர் சொன்ன வழியில விடை ஒவ்வொரு தடவையும் மாறுச்சு. மனுஷன் அக்காவைப் புடிச்சுத் திட்டுனாரு... "கேர்லெஸ் கேர்ள்"னு, எல்லார் முன்னாடியும்.

அக்கா லீவுக்கு மெஷினை சாரோங் துணியில சுத்தி, மடியில வச்சிக்கிட்டு பஸ்ல மலாக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க.

திரும்பி வந்து சொன்னாங்க, "தம்பி, தப்பு என் கையில இல்ல. டாக்டர் கூட்டறதைக் கண்ட எடத்துல நிறுத்துறாரு. பிளஸ் சார்ஜும் மைனஸ் சார்ஜும் சமமா இருக்கற எடத்துலதான் நிறுத்தணும்."

முழுக் கணக்கையும் மறுபடி போட்டிருந்தாங்க. விடை அசையாம நின்னுச்சு!

கட்டுரை லண்டன்ல அச்சாச்சு. மொதப் பேரு டாக்டர். அக்காவுக்கு? கடைசியில ஒரு வரி, டைப் அடிச்சவருக்கு நன்றின்னு. பேருகூட போடல. அவங்க டைப் அடிச்சதே அந்த ஒரு கட்டுரையைத்தான், அந்தப் பட்டம்தான் கடைசி வரைக்கும் ஒட்டிக்கிச்சு.

ரெண்டாவது பேரு யாரோடது தெரியுமா? என்னோடது.

என்னைப் புரொபசர், பேட்டரி நிபுணர்னு மேடையில ஏத்தி மாலை போடுறீங்களே... அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் எனக்கு ஸ்காலர்ஷிப்பே கெடச்சுது. டாக்டரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் திட்டுறேன். அவரையும், என்னையும்.

அக்கா கட்டுரை வந்த அந்தப் புத்தகத்தைப் பொரட்டிப் பாத்துட்டு ஒண்ணுதான் கேட்டாங்க. "நீயாவது சொல்லியிருக்கலாம்ல தம்பி?"

"அது டாக்டர் முடிவு அக்கா, எனக்கே தெரியாது"ன்னேன்.

பொய். அச்சுக்குப் போறதுக்கு முந்தி ப்ரூஃப் என் மேசைக்குத்தான் வந்துச்சு. படிச்சுப் பாத்து, கையெழுத்துப் போட்டு அனுப்புனது நான்.

உங்ககிட்ட நேர்ல சொல்ல எனக்குக் கடைசி வரைக்கும் வாய் வரலக்கா. இப்போ ஊருக்கே சொல்றேன்.

போய் வாங்க.