விருமாயி கூப்பிட்ட பேர்

“உங்க மகளுக்குப் பேரே இல்லையா, விருமாயிக்கா?” என்று ராதாமணிதான் முதலில் கேட்டாள்.

அவள் வீட்டு வாசலில் தயிர் அளந்துகொண்டிருந்த விருமாயி நிமிர்ந்தாள். அதுவரை அவள், தெருவில் ஓடிய தன் மூன்று வயது மகளை “ஏ பிள்ள, ஏ கழுத, அடியே, இங்கிட்டு வாடி” என்றே விரட்டிக்கொண்டிருந்தாள்.

“இருக்கு தாயி. நான் சொல்லக் கூடாது.”

“ஏன்?”

“எங்க மாமியா பேரு. மூத்த பொண்ணுக்கு அப்பத்தா பேரத்தான வைப்பாக? வச்சுப்புட்டாக. மாமியா பேர மருமக வாயால சொல்லலாமா?”

“சரி, என்ன பேரு?”

“அதத்தான் சொல்லக் கூடாதுங்கிறேன்ல!”

“ஒச்சாயி!” என்று நடுத்தெருவில் நின்று கத்தியது குழந்தை. விருமாயி உழக்கைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ராதாமணி சிரித்தேவிட்டாள். அதிகம் பேசாத பெண் அவள். வீட்டில் சௌராஷ்டிரம், பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும் படித்தவள். விருமாயியோ சமயநல்லூரிலிருந்து காலை ரயிலில் தயிர்ப்பானையோடு டவுனுக்கு வந்து இறங்குகிறவள். அவள் “தயிரோ... தயிர்!” என்று குரல் கொடுத்தால் மூன்று தெரு தாண்டிக் கதவு திறக்கும். அப்படிப்பட்ட குரலுக்குப் பெற்ற பிள்ளையின் பேரைச் சொல்ல வழியில்லை.

“நீங்க படிச்சவுக. ஒரு பேரு சொல்லுங்க தாயி, நான் வாய்விட்டுக் கூப்பிடுறதுக்கு.”

“லட்சுமி?”

“பெரிய நாத்தனா.”

“மீனாட்சி?”

“ஓரகத்தி.”

“காமாட்சி?”

“அய்யோ, அது எங்க வீட்டுக்காரரோட அத்தை!”

விருமாயியின் புகுந்த வீட்டில் இல்லாத பேரே ஊரில் இல்லை போலிருந்தது. ராதாமணிக்குச் சட்டென்று தன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார டீச்சரின் பேர் நினைவுக்கு வந்தது.

“ஹில்டா?”

“இல்டா...” விருமாயி வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். “இது எவ பேரும் இல்ல! என்ன அர்த்தம்?”

டீச்சர் வகுப்பில் சொன்னதை ராதாமணி அப்படியே சொன்னாள். ஜெர்மானிய பாஷைகளில் பழைய சொல் அது. போர் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கூடப் போரை வைத்துப் பேரிட்டார்கள். ஆயிரத்திருநூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் ஒரு மடத்தையே ஆண்ட துறவிப் பெண்ணுக்கு அந்தப் பேர். பிறகு மங்கிப்போய், போன நூற்றாண்டில் திரும்பவும் கிளம்பியது. டீச்சர் படித்தபோது அவள் வகுப்பிலேயே நான்கு ஹில்டாக்களாம்.

“நாலென்ன, நாப்பது இருக்கட்டும். அது சீமையில. சமயநல்லூருக்கு எவ வரப்போறா?” என்றாள் விருமாயி. “சண்டைன்னா அர்த்தம்? எம்மகளுக்குப் பொருத்தந்தான்!”

“இல்டா!” என்று தெருவைப் பார்த்து ஒரு குரல் விட்டாள். இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. ஒச்சாயி ஓடி வந்தாள்.

அடுத்த தைப்பூசத்தில் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றிவரும் நேரத்தில் விருமாயியின் கையிலிருந்து மகள் நழுவிவிட்டாள். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் ஜனக்கடல். பக்கத்தில் தன் வீட்டாரோடு நின்றிருந்த ராதாமணிக்கு உயிரே போய்விட்டது. “ஏ பிள்ள” என்று கூப்பிட்டால் அங்கே ஆயிரம் பிள்ளைகள்! விருமாயி படிக்கட்டுச் சுவரில் ஏறி நின்றாள். நாயனம், வேட்டு, ஜனங்களின் இரைச்சல் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு கிளம்பியது அவள் குரல்.

“இல்டாஆஆ!”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சவ்வுமிட்டாய்க்காரன் காலடியிலிருந்து ஒரே ஒரு குழந்தை, “இந்தா வாரேன்!” என்றது.

அன்று சமயநல்லூர்ப் பெண்கள் விருமாயியைச் சூழ்ந்துகொண்டார்கள். “அது என்ன பேருடி? எங்க வீட்லயும் இதே இம்சைதான்டி!” அவர்களும் மாமியார் பேரை மகளுக்கு வைத்துவிட்டு வாயடைத்துக் கிடந்த மருமகள்கள்தாம். விருமாயி மகிழ்ந்துபோய் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். சில வருஷத்தில் விருமாயியின் தெருவிலேயே கடைவீட்டு இல்டா, கிணத்தடி இல்டா, சப்பை மூக்கு இல்டா, பேயாண்டி மக இல்டா என்று ஆகிப்போனது. மாமியார்களும் எதிர்க்கவில்லை, முறையாக வைத்த பேர் தங்களுடையதுதானே!

வெள்ளைக்காரனுக்கு ஜெர்மனியோடு நிஜமாகவே சண்டை மூண்ட பிறகு ஒரு நாள் காலை, விருமாயி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். பானையை இறக்கும் முன்பே பேச்சு பொங்கியது.

“கேளுங்க தாயி, நேத்து வாசல்ல நின்னு இல்டான்னு கூப்பிட்டேன். ஏழு பேரு ஓடி வாராளுக! எம்மக மட்டும் வரல. கேட்டா, ‘வேற யாரையோ கூப்பிடுறேன்னு நெனச்சேன்’ங்கிறா!”

ராதாமணி வயிறு குலுங்கச் சிரித்தாள். விருமாயியும் சிரித்தாள், ஆனால் கண் மட்டும் கைக்குழந்தை மேலேயே இருந்தது.

“இவளுக்குச் செத்துப்போன சின்ன நாத்தனா பேர வச்சுட்டாக. இதையும் நான் சொல்ல முடியாது. இன்னொரு பேரு குடுங்க தாயி. அர்த்தம் என்னமும் இருந்துட்டுப் போகுது.” குரலைத் தாழ்த்தி ராதாமணியின் காதருகே குனிந்தாள். அந்தக் குரல் தாழ்ந்து ராதாமணி கேட்டதேயில்லை. “ஆனா இந்தத் தடவ எனக்கு மட்டும் சொல்லுங்க. எவ வந்து கேட்டாலும் குடுத்துராதீக. நான் கூப்பிட்டா எம்மக மட்டும் திரும்பணும்.”