பக்கத்து வீட்டு மோட்டார்

தாராவியில் எங்கள் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்துகொண்டு, லேப்டாப்பில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர் மூலம் வானிலைச் செயற்கைக்கோள் படங்களைப் பிடிப்பது என் பொழுதுபோக்கு. சென்ற ஆண்டு படங்களில் திடீரென்று இரைச்சல் கோடுகள் விழுந்தன. ஆன்டெனா, கேபிள் எல்லாம் மாற்றியும் போகவில்லை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், பக்கவாதத்தில் படுத்திருந்தார். படுக்கைப் புண் வராமலிருக்கப் போட்ட அவருடைய காற்று மெத்தைக்கு ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மாலை, பத்து நிமிடம் அதை அணைக்கச் சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்தேன். கோடுகள் குறைந்ததுபோல் இருந்தது. "இதுதாங்க்கா தொந்தரவு" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. இரைச்சல் என் லேப்டாப் சார்ஜரிலிருந்து வந்தது. அதைப் பிடுங்கியதும் படம் தெளிந்தது.

சொல்லலாமென்று அக்கா வீட்டுக்கு ஓடினேன். நர்ஸ் ஒருவர் அண்ணனின் முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடவில்லை.

"ஏங்க்கா அமத்திருக்கீங்க?"

"நீங்க அன்னைக்குச் சொன்னீங்கல்லா தம்பி. டெய்லி நீங்க ஆபீஸ் விட்டு வந்ததும் அமத்திருவேன். உங்க லைட்டு அணைஞ்சப்புறந்தான் போடுவேன். உங்க வேல கெட்டுறக் கூடாதுல்லா."

சார்ஜரைப் பற்றிச் சொல்லாமல், "இனிமே அமத்தாண்டாம்க்கா, சரியாயிட்டு" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்று சிரித்தார்.

புண் ஆறவில்லை. மழைக்காலத்துக்குள் அண்ணன் காலமானார். டாக்டர் வேறு காரணங்களும் சொன்னார். அக்கா அவற்றை நம்புகிறார். நானும் நம்பத்தான் பார்க்கிறேன். அவரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை.