நோன்பு திறந்த ஆட்டம்

பந்து ஆடத் தெரியும் என்பதற்காகத்தான் ராயபுரத்து இரும்புப் பட்டறையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். பகலில் சம்மட்டி பிடிப்பேன். சாயங்காலம் பட்டறை டீமுக்குக் கோல்கீப்பர். ஆட்டம் கெட்டால் வேலையும் போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பட்டறையை நடத்திய வெள்ளைக்காரத் துரை அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் பட்டறைக்குள் வந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போவார். அது போதும்.

அந்த வருஷம் அவர் அப்படி வரவே இல்லை. நாங்கள் தோற்கவில்லை. துறைமுகத்து டீமை ஜெயித்தோம், ரயில்வேக்காரர்களை ஜெயித்தோம். ஜெயிக்க ஜெயிக்க எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கோலுக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கும் பேக் ஆடியவர் தண்டையார்பேட்டைக்காரர், பட்டறையில் ஃபிட்டர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். தடித்த உடம்பு, அவசரமே தெரியாத கால். எதிராளி அவரைத் தாண்டி வருவது அபூர்வம். அதனால் பாதி ஆட்டத்துக்கு எனக்கு வேலையே இருக்காது. இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடந்துகொண்டே இருப்பேன். பந்து இப்போது வரும், இப்போது வரும் என்று கண் அங்கேயே இருக்கும்.

அந்த நடை வீட்டுக்கும் வந்துவிட்டது. மூலக்கொத்தளத்தில் எங்கள் ஒற்றை அறைக்குள் கதவுக்கும் அடுப்புக்குமாக உலாத்துவேன். சுடுகாட்டுப் பக்கம் பறை அடித்தால் எழுந்து வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன். என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இப்டி குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திகினு கீற? வூட்லயும் எவனாவது கோல் போட வரானா?"

மறுபடியும் வாசலுக்குப் போனேன்.

இறுதி ஆட்டம் பட்டாளத்து வெள்ளைக்காரர்களோடு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் தண்ணீர் நின்றதால் தள்ளிவைத்தார்கள். வடிந்தது, மறுபடி பெய்தது, மறுபடி தள்ளிவைத்தார்கள். இதற்குள் ரம்ஜான் பிறை தெரிந்துவிட்டது. பாய் நோன்பு பிடிக்க ஆரம்பித்தார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள், சாப்பாட்டு நேரத்தில், பட்டறை வாசலில் எங்கள் கேப்டன் அவரைத் தனியாக அழைத்தார். நானும் கூடப் போனேன்.

"பாய், அவனுங்க பூட்ஸ் போட்டு ஆட்றவனுங்க. சேத்துல இழுத்து இழுத்து ஓடணும். ஒரு நாளு மட்டும் நோன்ப வுட்டுடேன். அப்பாலிக்கா சேத்துப் புடிச்சிக்கோ."

"அது ஆவாது. ஆட வாணாம்னா சொல்லு, வெளிய நின்னு பாக்கறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

உண்மையாகவே அவர் முகத்தில் கோபம் இல்லை. கேப்டன் ஈரத் தரையையே பார்த்தார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"பாய் வெளிய நின்னா எனக்கும் வேற ஆளப் பாத்துக்கோ" என்றேன்.

வீரமாகச் சொன்னதல்ல அது. முன்னால் அவர் இல்லாமல் அந்தக் கம்பங்களுக்கு நடுவே நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கேப்டன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேஜாரு புடிச்சவனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாய் ஆடுவது முடிவாயிற்று.

மறுநாள் மைதானம் முழுக்கச் சேறு. வெறுங்காலோடு நாங்கள் வழுக்கினோம். பூட்ஸ் கனத்துப்போய் அவர்கள் வழுக்கினார்கள். முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இரண்டாம் பாதியில், ஊறிப்போன தோல் பந்து என் கையிலிருந்து நழுவிச் சரியாக அவர்கள் ஆளின் காலடியில் விழுந்தது. சமமானது. கூடுதல் நேரம் ஆடச் சொன்னார்கள். பாயின் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் வந்த ஆளை எல்லாம் நிறுத்திக்கொண்டிருந்தார்.

மேகம் மூடியிருந்ததால் பொழுது சாய்ந்ததே தெரியவில்லை. அப்போது யாரோ அடித்த பந்து கோட்டுக்கு வெளியே பறந்து மைதானத்தை ஒட்டிய ஓடைத் தண்ணீரில் விழுந்தது. கூட்டத்திலிருந்து பாயின் மச்சான் குரல் கொடுத்தார். "மாமு, நேரமாச்சு. தொறந்துக்கோ."

பாய் கோட்டோரம் போனார். ஒரு பேரீச்சம்பழம், ஒரு குவளைத் தண்ணீர். பந்தை எடுத்துவந்தவர்கள் கோட்டிலிருந்து உள்ளே எறிய வேண்டிய பட்டாளத்துச் சிப்பாயிடம் அதைக் கொடுத்துவிட்டார்கள். அவன் எறியவில்லை. பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பாய் முகத்தைத் துடைத்து இடத்துக்குத் திரும்பும்வரை நின்றான். நடுவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு எறிந்தான். அதிலிருந்தே அவர்கள் என்மேல் வந்துவிட்டார்கள். நான் முன்னால் பாய்ந்தேன். பந்து என் விலாவுக்குக் கீழே புகுந்து போயிற்று. போச்சு என்று நினைத்துத் திரும்பினேன். கோல் கோட்டுக்கு ஒரு சாண் இப்பால், நான் நடந்து நடந்து பள்ளமாக்கிய இடத்தில், தேங்கிய தண்ணீரில் பந்து உட்கார்ந்திருந்தது. பாய் எங்கிருந்து வந்தாரோ, ஓங்கி உதைத்தார். அது நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தது. அங்கே எங்கள் இடதுபக்க ஆள் ஒருவன்தான் நின்றிருந்தான். ஓடினான். போட்டான். கொஞ்ச நேரத்தில் விசில் ஊதிவிட்டார்கள்.

எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாய் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் போனேன்.

"பீடி கீதா? காலைலருந்து அதான் உசுர வாங்குது" என்றார்.

மறுநாள் துரை அரைநாள் விடுமுறை கொடுத்தார். கோப்பையை ஆபீஸ் அறையில் வைத்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். வேலைக்குப் பயமில்லை என்று கேப்டன் சொன்னார். வீட்டுக்குப் போனால் கால் நிற்கவில்லை. தண்டையார்பேட்டைவரை நடந்து பாய் வீட்டில் போய் நின்றேன். நோன்பு திறக்கும் நேரம். என்னையும் கோரைப்பாயில் உட்காரவைத்து, ஒரு கிண்ணம் கஞ்சி நீட்டினார்.

"சீசன் முடிஞ்சிபோச்சே பாய். நாளைலருந்து சாயங்காலத்துல இன்னா பண்றது?"

"மொதல்ல கஞ்சியக் குடி, ஆறிடும்" என்றார் அவர்.

குடித்தேன். கஞ்சி சூடாகத்தான் இருந்தது. மடக்கி வைத்த என் முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.