ஐந்தே முக்கால் மணிச் சூரியன்

லிஃப்ட் என்றால் நமக்குக் கதவு, பொத்தான், உள்ளே ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். அதை இழுக்கிற மோட்டார் எங்கே இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பழைய கட்டடங்களில் அது மொட்டை மாடிக்கும் மேலே, தகரக் கதவு போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருக்கும். அந்த அறைகளில்தான், லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில், அவர் இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டினார். கம்பி வடத்துக்கு எண்ணெய் போடுவார், பிரேக்கைச் சரிபார்ப்பார், ஐந்தரை மணிக்குப் பழைய பனியன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். வந்தால் எதிரே ஆகாயம். இருபத்தாறு வருஷம் அதை அவர் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. வீட்டில் ஆள் இருந்தது, போய்ச் சேர வேண்டியிருந்தது.

மனைவி போன பிறகு வீட்டுக்கு அவசரமாகப் போக ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. இரண்டு அறை வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம்தான் பேச்சுத்துணை. ஊர் லிஃப்டையெல்லாம் சரிசெய்கிற மனுஷன் அந்தக் குழாயைச் சரிசெய்யாமலே விட்டு வைத்திருந்தார். அதுவும் நின்றுவிட்டால் வீடு ஒரேயடியாக அமைதியாகிவிடும் என்ற பயம்.

மகள் வேறு நாட்டில் இருந்தாள். மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. இவருக்குச் சாயங்காலம் என்றால் அவளுக்குக் காலை. அம்மா இருந்தவரை தினமும் அம்மாவும் மகளும் பேசுவார்கள். நடுவில் போன் இவர் கைக்கு வரும். சாப்பிட்டியா என்பார், சாப்பிட்டேன் என்பாள். நீங்க சாப்பிட்டீங்களா என்பாள், ஆச்சு என்பார். போன் திரும்ப அம்மாவிடம் போய்விடும். அம்மா காரியத்துக்கு மகளால் வர முடியவில்லை. லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை, என்னென்னமோ கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த நாலு வார்த்தையும் அறுந்துபோகிற நிலைக்கு வந்தது.

இத்தனைக்கும் பேசத் தெரியாத ஆளில்லை அவர். மாடிக்கும் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், கம்பெனியில் முதலில் இவரைத்தான் அனுப்புவார்கள். மூடிய கதவில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, காத்து வரும். நான் இங்கேயேதான் நிக்கிறேன், எங்கயும் போகலை" என்பார். முகம் தெரியாத ஆட்களோடு அரைமணி நேரம் அப்படிப் பேசிக்கொண்டே இருப்பார். அழுத பெண்கள் சிரித்திருக்கிறார்கள். பெற்ற பெண்ணிடம் மட்டும் வாய்க்குப் பூட்டு.

ஒரு நாள் ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடிக்கும்போது, எதற்கென்றே தெரியாமல் போனை நீட்டி எதிரே இருந்த சூரியனைப் படம் எடுத்தார். எடுத்த கையோடு மகளுக்கு அனுப்பினார். மணி ஐந்தே முக்கால். படம் கண்ராவி. நடுவில் வெள்ளையாக ஒரு பூதாகாரமான ஒளி, அதைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு வட்டம், ஓரத்தில் கறுப்பாக ஏதோ. ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. அந்தக் கறுப்பா இருக்கிறது என்ன என்று கேட்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டி என்று எழுதினார். அவ்வளவு பெரிசா என்றாள். நாப்பதாயிரம் லிட்டர் என்றார். அன்றைக்கு ஏழு வாக்கியம் பேசினார்கள். அவர் எண்ணிப் பார்த்தார்.

மறுநாளும் ஐந்தே முக்காலுக்கு ஒரு படம். அடுத்த நாளும். சில நாள் அவளே கூப்பிட்டு ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வைப்பாள். அந்த ஐந்து நிமிஷத்துக்காக அவர் காலையிலிருந்து வேலை பார்த்தார் என்று சொன்னால் அதில் துளி மிகையில்லை.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் தொழில்காரப் புத்தி சும்மா இருக்குமா? லிஃப்ட் வந்து நிற்கும்போது அதன் தரையும் மாடியின் தரையும் மூன்று மில்லிமீட்டர் ஏறி இறங்கினால்கூட இவருக்குக் கால் உறுத்தும். தினமும் மகளுக்குப் போகிற படம் இவ்வளவு மோசமாக இருக்கலாமா? நல்ல படம் போனால் அவள் இன்னும் பத்து வாக்கியம் பேசுவாள் என்பது அவர் போட்ட கணக்கு.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் ஓய்வு நேரத்தில் படம் எடுப்பவர்; அவரைப்போன்ற இருபது முப்பது பேரைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் வைத்திருந்தார். அவர் கடை இருந்த கட்டடத்து லிஃப்டும் இவர் பொறுப்பு. ஒரு நாள் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினார். கடைக்காரர் படத்தைப் பார்க்கவில்லை. போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"அண்ணே, லென்ஸ்ல கிரீஸ்."

கண்ணாடி துடைக்கிற துணியால் ஒரு துடைப்பு. சூரியனைச் சுற்றி இத்தனை நாள் இருந்த புகைவட்டம் போயே போய்விட்டது. அது ஏதோ இயற்கையின் அற்புதம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அதற்குப் பிறகு பாடம் ஒவ்வொன்றாக வந்தது. திரையில் சூரியன்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும்; அப்போதுதான் வெள்ளையாக வெளிறாது. இழுத்துப் பெரிதாக்கக் கூடாது, படம் புள்ளி புள்ளியாகிவிடும். வெறும் ஆகாயத்தை எடுக்காமல் முன்னால் ஏதாவது ஒரு உருவத்தை நிழலாக நிறுத்த வேண்டும். அடிவானம் சாயக் கூடாது. இந்தக் கடைசிப் பாடம் மட்டும் அவருக்குத் தேவைப்படவே இல்லை. குழுவில் எல்லாருடைய படத்திலும் பூமி ஒரு பக்கம் சரிந்திருக்கும், இவர் படத்தில் ரசமட்டம் வைத்த மாதிரி நேராக இருக்கும். கம்பெனியில் சூரியகாந்தி என்று பேர் வைத்துவிட்டார்கள். சூரியகாந்தி எந்த மாடியில் இருக்கார் என்று மேலதிகாரியே கேட்க ஆரம்பித்தார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம் ஒன்றைக் கடைக்காரர் சொன்னார். "எல்லாரும் சூரியன் இறங்கினதும் கிளம்பிடுவாங்க. நீங்க இருங்க. கலர் அதுக்கப்புறம்தான் வரும்."

அவர் இருந்து பார்த்தார். நிஜம். சூரியன் மறைந்து கால்மணி கழித்து மேகத்தின் அடிவயிறு சிவந்தது, பிறகு ஊதாவானது. தொட்டியும் ஏணியும் கறுப்பாக எழுந்து நின்றன. அன்றிலிருந்து ஐந்தே முக்கால் படத்தை விட்டார். ஆறரைக்கு எடுத்து, பத்தில் ஒன்றைப் பொறுக்கி அனுப்பினார்.

மகளிடமிருந்து பதில் வரவில்லை. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் கட்டைவிரல் படம் ஒன்று கிடந்தது. அடுத்த நாளும் கட்டைவிரல்தான். படம் இன்னும் போதவில்லை என்று நினைத்தார். போனை ஆடாமல் நிறுத்த ஒரு சின்ன முக்காலி வாங்கினார், மழை விட்ட நாட்களாகப் பார்த்துப் பெரிய கட்டடத்து வேலையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். படம் நன்றாக ஆக ஆகக் கட்டைவிரலுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற மனுஷனுக்கு இதில் என்ன பழுது என்று மண்டையில் ஏறவில்லை.

ஒரு மாதம் குழுவில் சிறந்த படம் இவருடையது. கட்டுமான கிரேன் ஒன்று, அதன் கூண்டுக்குள் ஓட்டுநர் குனிந்து உட்கார்ந்திருக்கிற நிழல், பின்னால் பழுத்த மாம்பழ நிறத்தில் வானம். முப்பது பேரும் கைதட்டினார்கள். அதை மகளுக்கு அனுப்பிவிட்டு, காவலாளி மாடிக் கதவைப் பூட்ட வரும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காலையில் பார்த்தால், அதே கட்டைவிரல்.

அப்பன் அனுப்புகிறானே என்று கடமைக்கு விரலைத் தூக்கிக் காட்டுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அன்று படம் அனுப்பவில்லை. மறுநாளும் அனுப்பவில்லை. நாலு நாள் அப்படிப் போயிற்று.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வேலைச் சட்டையைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். நாலு நாளாகப் படம் வரவில்லையே என்றாள்.

"நீ எங்க அதைப் பார்க்கிறே" என்றார். சொல்லியிருக்க வேண்டாம், வந்துவிட்டது.

அவள் மெதுவாகச் சொன்னாள். "எனக்கு எட்டு மணிக்கு வேலைப்பா. போனை லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் உள்ள விடுவாங்க. அம்மாவுக்குத் தெரியும். முன்னல்லாம் லாக்கர் பக்கத்துல பெஞ்சில உட்கார்ந்து ஷூ மாட்டுவேன், அப்பப் பார்த்து உங்க படம் வரும். இப்ப நான் உள்ள போனதுக்கப்புறம்தான் அனுப்புறீங்க. தினமும். நான் வெளியில வரும்போது நீங்க தூங்கிட்டிருப்பீங்க."

அவர் ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"என்கூடப் பேசப் பிடிக்கலை, அதான் நேரம் பார்த்து அனுப்புறாருன்னு நினைச்சேன்."

லாக்கர் விஷயத்தை மனைவி ஒன்றுக்கு நாலு தடவை சொல்லியிருக்கிறாள். அப்போது அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிகிற ஆளுக்கு முக்கால் மணி நேரம் கண்ணில் படவே இல்லை.

"சூரியன் இறங்கினப்புறம்தான் கலர் வருது, பாப்பா" என்றார்.

"எனக்குக் கலர் எதுக்குப்பா? நான் அதைப் பெரிசு பண்ணிக்கூடப் பார்த்ததில்லை. உங்க பேரு வந்திருக்கான்னுதான் பார்ப்பேன்."

திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஐந்தே முக்கால். வெள்ளைச் சூரியன், ஓரத்தில் தொட்டி. உடனே பதில் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பத்து நிமிஷமும் பேசினாள், பிறகு லாக்கர் மூடுகிற சத்தத்தையும் கேட்க வைத்தாள். ஆறரைக்கு அவர் தனியாக நின்று நல்ல படங்களும் எடுத்தார். அவை குழுவுக்குப் போயின.

இரண்டு வாரம் கழித்து அவளுக்கு விடுமுறை வந்த ஒரு நாள், இங்கே மத்தியானம் முழுக்க மழை கொட்டி ஐந்து மணிக்கு விட்டது. மேற்கே மெல்லிய மேகம் வரிவரியாக நின்றது. யாரும் இன்றைக்கு மாடியைவிட்டு இறங்காதீர்கள், வருஷத்துக்கு ஒரு தடவைதான் இப்படி வரும் என்று கடைக்காரர் குழுவில் எழுதியிருந்தார். இவர் முக்காலியை விரித்து வைத்தார். அதற்குமுன் வழக்கம்போல ஐந்தே முக்காலுக்கு ஒன்றை எடுத்து மகளுக்கு அனுப்பினார். அவள் கூப்பிட்டாள்.

லாக்கர் இல்லாத நாளானதால் பேச்சு நீண்டது. தொழிற்சாலை, அவள் மாட்டுகிற கையுறை, இவர் வீட்டுக் குழாய் என்று ஓடியது. ஆறே கால் ஆயிற்று. சூரியன் போய்விட்டது. அப்போது அவள் கேட்டாள்.

"அம்மா போனப்ப நான் வரலைன்னு கோபமாப்பா?"

அந்த நேரம் பார்த்து மேற்கே தீப்பிடித்தது. கோடி முதல் கோடிவரை சிவப்பு, நடுநடுவே பொன். தொட்டியிலிருந்து சொட்டிய நீர்கூடச் சிவப்பாகச் சொட்டியது. காதோடு ஒட்டியிருந்த போன் டிக் டிக் என்று அதிர்ந்தது. குழுவில் எல்லாரும் படங்களாக அனுப்பித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முக்காலி வெறுமனே நின்றது. போனைக் காதிலிருந்து எடுத்தால் ஐந்து விநாடி வேலைதான்.

"அப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேன் பாப்பா. இங்கேயேதான் நிக்கிறேன். எங்கயும் போகலை."

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது.

"முதல்ல கோபம் இருந்துச்சு" என்றார். "உன்கிட்டப் பொய் சொல்லக் கூடாது. இப்ப இல்லை. நீ அழு. நான் இருக்கேன்."

அவள் அழுது முடித்து, மூக்கை உறிஞ்சி, வேறு எதையோ பேசி, போனை வைக்கும்போது வானம் சாம்பலாகிவிட்டிருந்தது. காவலாளி கீழ்ப்படியிலிருந்து குரல் கொடுத்தான். குழுவைத் திறந்தார். அறுபதுக்கு மேல் படங்கள், கடைசியில் கடைக்காரர் கேட்டிருந்தார், அண்ணே, உங்க படம் எங்கே என்று.

அவரிடம் அன்றைக்கு இருந்தது ஒன்றுதான். ஐந்தே முக்காலுக்கு எடுத்த அதை அனுப்பினார். சூரியன் வெள்ளையாக வெளிறியிருந்தது, லென்ஸில் மறுபடி கிரீஸ். தொட்டி மட்டும் நேராக இருந்தது.